மோட்டார் ரூமில் மார்கழி

அத்தியாயம் 14

தேங்காய் எண்ணெய் உறைந்திருந்தது.

மலர்க்கொடி கேனைச் சாய்த்துப் பார்த்தாள். தலைகீழாகவே கவிழ்த்தும் பார்த்தாள். ஐந்து லிட்டர் கேனிலிருந்து ஒரு சொட்டுகூட வரவில்லை. உள்ளே வெள்ளை வெளேரென்று மெழுகு போல இறுகிக் கிடந்தது.

மார்கழியாக இருந்தால் அவள் அதைப் பற்றி யோசித்திருக்கவே மாட்டாள். இது ஐப்பசி. தீபாவளிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. இரவெல்லாம் பெய்த மழை விட்டு, காலை ஆறு மணிக்கே கழுத்து கசகசத்தது. போன வாரம் இதே கேனிலிருந்து ஊற்றி எடுத்த சின்ன பாட்டில் சமையலறை அலமாரியில் இருந்தது. அதை எடுத்து ஆட்டினாள். எண்ணெய் தண்ணீராக ஆடியது.

ஒரே எண்ணெய்தான். பாட்டிலில் இருந்தது உருகியிருந்தது, கேனில் இருந்தது உறைந்திருந்தது.

"கலப்படம் பண்ணிட்டானா?" என்று சத்தமாகவே கேட்டாள்.

ஆடி மாதம் வரை, இப்படி எதையாவது கேட்டால் கூடத்துக் கட்டிலிலிருந்து அப்பாவின் குரல் வரும். சுப்பராயலுவுக்குக் கடைசி இரண்டு வருடம் கண் சரியில்லை, காது மட்டும் சமையலறை வரைக்கும் நீளும். "எவன்டி அது?" என்பார். இப்போது அந்தக் கட்டிலில் துவைத்த துணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

எண்ணெயைப் பற்றி யோசிக்க இன்றைக்கு நேரமில்லை. அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. குளியலறைக்குப் போய் வெந்நீர்க் குழாயைத் திறந்து, கையை நீட்டினாள். வெதுவெதுப்பு. நேற்றும் இதேதான், முந்தாநாளும் இதேதான்.

எண்பத்தேழாயிரத்து எழுநூறு ரூபாய் செலவில் வெதுவெதுப்பு.

*

கடலூர் முதுநகரில், ரயில்வே ஜங்ஷனுக்குப் பின்னால் இருக்கும் அந்த வீட்டில் கீழே இரண்டு அறை, மாடியில் ஒன்று. அப்பா போன பிறகு வீடு மலர்க்கொடிக்கும் சிதம்பரத்தில் இருக்கும் தம்பி அருள்முருகனுக்கும் பொது. விற்றுவிடலாம் என்பது தம்பியின் பேச்சு. அக்கா சிதம்பரத்துக்கு வந்து தங்களோடு இருக்கட்டும் என்பது அந்தப் பேச்சின் இரண்டாம் பாதி.

மலர்க்கொடிக்கு ஐம்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து, யார் யாரோ யார் யாருடனோ பேச வயரைச் சொருகிக்கொண்டிருந்தாள். போர்டை எடுத்துவிட்டு இன்டர்காம் போட்டபோது அவளையும் கணக்கு முடித்து அனுப்பினார்கள். அந்தப் பணம்தான் அவளுக்கென்று இருந்த பணம்.

"சரிக்கா," என்று போன மாதம் போனில் இறங்கிவந்தான் அருள்முருகன். "நவம்பர் முதல் ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம். மாடிக்கு ஒரே ஒரு ஆள் குடி வரேன்னு சொல்லிட்டா போதும். வீட்ட விக்கிற பேச்ச நான் வாயத் தொறந்து எடுக்கல. யாரும் வரலன்னா நீ கையெழுத்து போட்டுட்டு இங்க வந்துடணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நாளைக்கு.

மாடியை இதுவரை நான்கு பெண்கள் வந்து பார்த்தார்கள். நான்கு பேரும் வாடகைக்கு முன்னால் கேட்டது ஒன்றுதான்: வெந்நீர் உண்டா?

கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த 2012ஆம் வருடம் கரண்ட் ஒரு மணி நேரம் இருந்தால் அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. கீசர் இருந்தும் பயனில்லை, குளிக்கிற நேரத்தில் கரண்ட் இருந்தால்தானே? இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. மொட்டைமாடியில் முன்பு ஒரு சோலார் ஹீட்டர் இருந்தது. போன டிசம்பரில் அடித்த 'தானே' புயலில் அதன் கண்ணாடிக் குழாய்கள் மூன்று தெரு தள்ளிப் பொடியாகக் கிடந்தன. தொட்டி கிடைக்கவேயில்லை.

அதனால்தான் ஹீட் பம்ப்.

புதுச்சேரிக் கடைக்காரர் சொன்ன கணக்கு அவளுக்குப் பிடித்திருந்தது. கீசர் கரண்டை எரித்துச் சூடு பண்ணுகிறது. ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் சூடு, அவ்வளவுதான். ஹீட் பம்ப் சூட்டை உண்டாக்குவதே இல்லை. காற்றில் ஏற்கெனவே இருக்கிற சூட்டை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. கரண்ட் தள்ளுகிற வேலைக்கு மட்டும். ஆகவே ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் சூடு. இருநூறு லிட்டர் தொட்டி. கரண்ட் இருக்கிற மணிகளில் காய்ந்து, இல்லாத மணிகளிலும் சூடாகவே இருக்கும்.

மிஷினும் தொட்டியும் எழுபத்துநாலாயிரம். புதுச்சேரியிலிருந்து வண்டிக்கு ஆயிரத்து இருநூறு. ஸ்டாண்டு, பைப்பு, பைப்பைச் சுற்றும் கறுப்பு ஸ்பாஞ்சு என்று ஐயாயிரத்து முந்நூறு. தனியாக ஒரு கனத்த வயரும் சுவிட்சும் வேண்டும் என்றார்கள், அது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். பழைய வீட்டில் எர்த் சரியில்லை, புதிதாகக் குழி தோண்டியதில் ஆயிரத்து எண்ணூறு. மிஷின் வாங்கும்போது யாரும் எர்த்துக் குழியைப் பற்றிச் சொல்வதில்லை.

மாட்டிக் கொடுக்கக் கம்பெனி ஆள் வந்தால் ஆறாயிரத்து ஐந்நூறு. மலர்க்கொடி அங்கேதான் கையை இழுத்துக்கொண்டாள். தெருமுனையில் பக்கிரி அண்ணன் இருக்கிறார். முப்பது வருடமாக முதுநகரில் மோட்டார் மாட்டுகிறவர். இரண்டாயிரத்து ஐந்நூறு என்றார். நாலாயிரம் மிச்சம்.

திங்கட்கிழமை மாட்டிய அன்று சாயங்காலம் தண்ணீர் கையைச் சுட்டது. மிஷின் முகப்பில் ஐம்பத்துமூன்று என்று சிவப்பு எழுத்து. அடுத்த நாளிலிருந்து முப்பத்துநாலு. முப்பத்துமூன்று. முப்பத்துநாலு. மிஷின் ஓடுகிறது, சத்தம் வருகிறது, தண்ணீர் மட்டும் காய்வதில்லை.

கடைக்குப் போன் செய்தால், "வெளியாள் மாட்டினதுக்கு நாங்க பொறுப்பில்லம்மா. வந்து பாக்கறதுக்கே ஆயிரத்தி ஐந்நூறு. அதுவும் தீபாவளிக்கு அப்புறம்தான்," என்றார்கள்.

ஒன்பது மணிக்கு ஐந்தாவது பெண் வரப்போகிறாள்.

*

அவள் பெயர் பெலிசியா. இருபத்தேழு வயது இருக்கலாம். சொந்த ஊர் குறிஞ்சிப்பாடி. துறைமுகத்துப் பக்கம் இறால் ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. மழை ஈரத்திலும் காலில் சாக்ஸ் போட்டிருந்தாள். வெளுத்துச் சுருங்கியிருந்த விரல் நுனிகளை மலர்க்கொடி பார்ப்பதைக் கவனித்துக் கையை விரித்துக் காட்டினாள்.

"எட்டு மணி நேரம் ஐஸ் தண்ணில கை வெக்கிறோம்க்கா. ரூமுக்கு வந்தா மொதல்ல வெந்நி வேணும். ஹாஸ்டல்ல அதுக்கும் கியூ. இந்த எறா வாசன பச்சத் தண்ணிக்குப் போவாது. பஸ்ல பக்கத்துல உக்கார மாட்டாங்க."

மாடி அறை அவளுக்குப் பிடித்தது. ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், தாழ்ப்பாளைத் தட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"வெந்நி எப்பவும் வரும்தானக்கா?"

"வரும்னுதான் போர்டு எழுதி வெச்சேன். நாலு நாளா வரல," என்றாள் மலர்க்கொடி.

பெலிசியா சிரித்துவிட்டாள். "வீட்டுக்காரங்களே கொறைய சொல்றத இப்பதான்க்கா பாக்குறேன்."

"பொய் சொன்னா நாளைக்கு குளிக்கும்போது தெரிஞ்சிடுமே."

"அதுவும் சரிதான். மிஷின காட்டுங்க, பாப்பம்."

கரண்ட் அப்போதுதான் வந்திருந்தது. மோட்டார் ரூம் என்பது மாடிப்படிக்குக் கீழே ஆறடிக்கு ஐந்தடி அறை. ஒரு மூலையில் தண்ணீர் மோட்டார், ஓரத்தில் வீட்டுச் சாமான், சுவரை ஒட்டிப் புதுத் தொட்டி, அதன் பக்கத்தில் இரும்பு பீரோவில் பாதி அளவுக்கு மிஷின். மலர்க்கொடி படியோரம் கிடந்த வடக்கயிறும் அரிசி வாளியும் இடறாமல் பார்த்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

பெலிசியா ஓரடி உள்ளே வைத்ததும் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"அக்கா! இது எங்க சில் ரூமு மாதிரியே இருக்குது!"

"மழ ஈரம்மா. காலைல எண்ண எடுக்க வந்தப்பவும் இப்படித்தான் இருந்துச்சு."

"ஈரம் இல்லக்கா. நாளு பூரா இதுலதான நிக்கிறேன், எனக்குத் தெரியாதா? இது மிஷின் குளிரு." மிஷினின் முன்னால் கையை நீட்டினாள். "பாருங்க, இதான் ஊதுது."

மலர்க்கொடியும் நீட்டினாள். மின்விசிறி வழியாக வந்த காற்று மணிக்கட்டைக் கடித்தது. நாலு நாளில் இருபது தடவை முகப்பு எண்ணைப் பார்த்தவள், காற்று வரும் பக்கத்தில் ஒரு தடவைகூடக் கை வைக்கவில்லை.

"வெந்நி மிஷினு எதுக்கு குளுரு ஊதுது?"

"அது எனக்குத் தெரிலக்கா. எங்க கம்பெனில இதுக்கு நேர் எதிரு. உள்ள எறா ஐஸா கெடக்கும். செவுத்துக்கு அந்தாண்ட ஒரு பொட்டி இருக்கும், அதும்பக்கம் நின்னா மூஞ்சி வெந்துரும். மழ நாள்ல நாங்கல்லாம் துணிய அங்கதான் காயப் போடுவோம்." கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "பத்து மணி ஷிப்ட்டு. நான் கெளம்பறேன்க்கா."

வாசல் வரை கூடப் போனாள் மலர்க்கொடி. கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

"ரூமு?"

"கம்பெனி பக்கத்துலயே இன்னொன்னு பாத்து வெச்சிருக்கேன். வாடக கம்மி. உங்க ரூமு நல்லா இருக்குது..." பெலிசியா குடையை விரித்தாள். "நாளைக்கு சொல்றேனே."

அந்தத் தெருவில் 'நாளைக்கு சொல்றேன்' என்று போன நான்கு பேரும் சொல்லவில்லை.

*

அதே நேரம் சிதம்பரத்தில், வடக்கு வீதிக்குப் பின்னால் உள்ள வாடகை வீட்டில், ரேகா துவைக்கப் போடுவதற்காகக் கணவனின் சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தாள். அருள்முருகன் கூடத்தில் செய்தித்தாளை விரித்திருந்தான். ஒரே பக்கத்தை இருபது நிமிடமாகப் படித்தான்.

"நாளைக்கு உங்க அக்காவ கூட்டிட்டே வந்துருவீங்களா?"

"கையெழுத்து ஆவட்டும். அப்புறம்தான்."

"வந்தா எங்க படுப்பாங்க?"

"ஹால்ல படுத்துக்கும். அக்காவுக்கு என்னா, ஒரு ஆளு."

"சொந்த வீட்ல இருக்கறவங்கள கூட்டியாந்து ஹால்ல படுக்க வெக்கப் போறீங்க." ரேகா வாசற்படிக்கு வந்தாள். "அவுங்க எண்பதாயிரத்துக்கு மேல போட்டு வெந்நி மிஷினு வாங்கியிருக்காங்களாமே. போறவங்களா அத வாங்குவாங்க?"

"அதுதான் ஓடலையே."

"அதுல உங்களுக்கு சந்தோஷம்."

"சும்மா பேசாத."

ரேகா சட்டைப்பையிலிருந்து எடுத்த நாலாக மடித்த காகிதத்தைப் பிரித்தாள். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீது. முதுநகர் வீட்டுக்கு முன்பணமாக இரண்டு லட்சம் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, கீழே அருள்முருகனின் கையெழுத்து. தேதியைப் பார்த்தாள். புரட்டாசியிலேயே வாங்கியிருக்கிறான். அக்காவுக்குத் தவணை சொன்னதற்கு இரண்டு வாரம் முன்னால்.

"இது அவுங்களுக்குத் தெரியுமா?"

அருள்முருகன் செய்தித்தாளைத் தாழ்த்தினான். காகிதத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"கையெழுத்து போட்ரும்," என்றான். "அக்கா எப்பவும் போட்ருக்குது."

ரேகா உள்ளே போய்ப் போனை எடுத்தாள். பெயர்களை நகர்த்தி 'கடலூர் அக்கா' வரை வந்தாள். கட்டைவிரல் பட்டனின் மேலேயே நின்றது.

*

மோட்டார் ரூம் வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள் மலர்க்கொடி. பத்து மணிக்குக் கரண்ட் போய், மிஷின் நின்றிருந்தது.

டெலிபோன் போர்டில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. லைன் செத்துவிட்டால் மற்றவர்கள் வயரை ஆட்டுவார்கள், தட்டுவார்கள். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: கடைசியாக நன்றாகப் பேசிய பிறகு என்ன மாறியது?

திங்கட்கிழமை சாயங்காலம் ஐம்பத்துமூன்று. அதற்குப் பிறகு என்ன மாறியது?

மிஷின் அதேதான். தண்ணீரும் அதே கிணற்றுத் தண்ணீர். கரண்ட் அன்றைக்கும் இதே லட்சணத்தில்தான் வந்து போனது. வயர், சுவிட்ச், பைப்பு எதையும் யாரும் தொடவில்லை.

கண்ணெதிரே இருந்த கதவைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை இந்தக் கதவு இங்கே இல்லை. தொட்டியை உள்ளே நுழைப்பதற்காகப் பக்கிரி அதைக் கீலோடு கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். சாயங்காலம் தண்ணீர் சுட்டதைப் பார்த்த பிறகு, புயல் வருது, சாரல் அடிக்கும், எலி வயரைக் கடிக்கும் என்று சொல்லிக் கதவை மாட்டினார். மேலே காற்றுப் போகிற ஜாலியையும் ஒரு தகரத்தை வைத்து ஆணி அடித்தார். போகும்போது, "பத்திரமா பூட்டி வெச்சிக்கம்மா," என்றும் சொன்னார். அவளும் நாலு நாளாகப் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தாள்.

அவள் எழுந்து நின்றாள்.

மிஷின் காற்றிலிருந்து சூட்டை எடுக்கிறது. எடுத்த பிறகு மிச்சமிருப்பது குளிர்ந்த காற்று, அதை வெளியே ஊதுகிறது. திறந்த இடமாக இருந்தால் அந்தக் குளிர்ந்த காற்று போய்விடும், புதுக் காற்று வரும். பூட்டிய அறையில் அது எங்கே போகும்? ஊதிய குளிரையே மிஷின் மறுபடி இழுக்கிறது. அதிலிருந்தும் கொஞ்சம் எடுக்கிறது, இன்னும் குளிராக ஊதுகிறது. சீக்கிரமே அந்த ஆறடி அறையில் எடுக்கச் சூடே இல்லை. கரண்ட் இல்லாத நேரத்தில் சுவரிலிருந்து கொஞ்சம் சூடு கசியும். கரண்ட் வந்ததும் அதையும் உறிஞ்சிவிட்டு நிற்கும். தண்ணீர் முப்பத்துநாலு.

எண்ணெயில் கலப்படம் இல்லை. அந்த அறையில் நாலு நாளாக மார்கழி நடந்துகொண்டிருந்தது. கேன் அங்கேதான் இருந்தது.

"எண்ணக்காரன் மேல தப்பில்ல!" என்று சொன்னாள். கூடத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டாள்.

*

பக்கிரி டீக்கடையில் இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, டம்ளரை வைக்காமலே தலையாட்டி மறுத்தார்.

"தோ பாரும்மா. அட்டப்பொட்டிலயே என்னா போட்டிருக்கான்? பம்புன்னு போட்டிருக்கான். பம்ப எவனாவது மழையில வெப்பானா? முப்பது வருசத்துல ஒரு பம்ப நான் வெளிய வெச்சதில்ல. ரூம் கட்டி, கதவு போட்டு, பூட்டு போட்டாத்தான் பம்பு."

"அண்ணே, இது தண்ணி எறைக்கிற பம்பு இல்ல."

"அப்ப எதுக்கு பம்புன்னு பேரு வெச்சான்? நான் படிக்காதவன்னு ஏமாத்தறானா?"

டீக்கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். மலர்க்கொடி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பேரு சரிதான்ண்ணே. நம்ம மோட்டாரு கீழ இருக்கற தண்ணிய மேல ஏத்துது இல்ல? இது காத்துல கம்மியா இருக்கற சூட்ட எடுத்து, தொட்டியில ஜாஸ்தியா ஏத்துது. ஏத்தறது ரெண்டும் ஒண்ணுதான்."

"சரி."

"நம்ம மோட்டாருக்கு கெணறு. இதுக்கு கெணறு எது?"

பக்கிரி யோசித்தார். "காத்தா?"

"காத்துதான். கெணறு வத்திப் போச்சுன்னா மோட்டாரு என்னா பண்ணும்?"

"ஓடும். தண்ணி வராது. சும்மா உர்ருன்னு..." அவர் நிறுத்தினார். டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். "எடத்த அடச்சி வெச்சி கெணத்தயே மூடிட்டனா நானு?"

"ஊத்து வர வழிய அடச்சிட்டீங்க."

பக்கிரி எழுந்து லுங்கியை மடித்துக் கட்டினார்.

"தகரத்த பேத்து, கதவ கழட்டி வெச்சா போதுமா?"

"கொஞ்சம் காயும். ஆனா ரூமு சின்னது, ஊதற குளுரு பாதி திரும்ப வரும். மிஷின கொல்லப்பக்கம் செவுத்துல வெச்சிருவம். மேல சன்ஷேடு இருக்குது, நனையாது. தொட்டி உள்ளயே இருக்கட்டும். நடுவுல ரெண்டு பைப்பும் வயரும் நீட்டினா போதும்."

"அத எனக்கு சொல்லிக் குடுக்காத. பைப்பு என் டிப்பாட்மென்டு." நடக்க ஆரம்பித்தார். "பைப்புக்கும் வயருக்கும் காசு குடு. கூலி வேணாம். என் தப்பு இது."

பதினொன்றரைக்கு ஆரம்பித்தார். மிஷின் நாற்பத்தைந்து கிலோ. அவர் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகத் தூக்கி, மூன்று தரம் இறக்கி வைத்துக் கொல்லைக்குக் கொண்டுபோனார்கள். சுவரில் ஓட்டை போட்டு, பன்னிரண்டடி பைப்பு இரண்டு. சூடு வழியில் போய்விடாமல் இரண்டின் மேலும் கறுப்பு ஸ்பாஞ்சு. சுவருக்கும் மிஷினுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விட்டார்கள். முன்னால் மறைத்துக்கொண்டிருந்த கறிவேப்பிலைக் கிளைகளை அவளே வெட்டினாள். பைப்பு, ஸ்பாஞ்சு, வயர் எல்லாம் சேர்ந்து அறுநூற்று நாற்பது ரூபாய்.

ஒரு மணிக்கு வர வேண்டிய கரண்ட் இரண்டு மணிக்குத்தான் வந்தது.

மிஷின் ஓடியது. குளிர்ந்த காற்று கொல்லைப்பக்கம் போனது. பக்கிரி அதன் முன்னால் நின்று பனியன் படபடக்கக் கையைத் தூக்கினார்.

"இது நல்லாருக்கேம்மா. மத்தியானம் இங்கயே கட்டில போட்டு படுத்துக்கலாம் போல." எண்ணைப் பார்த்தார். முப்பத்தாறு. "நான் கெளம்புறேன். கோண்டூர்ல ஒரு மோட்டாரு நிக்கிது. ஏறுச்சுன்னா நாளைக்கு சொல்லு."

அவரும் நாளைக்கு என்றுதான் சொன்னார்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனபோது நாற்பத்துநாலு. நான்கு மணிக்கு மறுபடி வந்தது. மலர்க்கொடி முக்காலியைக் கொல்லைக்குக் கொண்டுவந்து போட்டு, எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு. நாற்பத்தொன்பது. தூறல் விழுந்தது, அவள் எழவில்லை. ஐந்து மணிக்குக் கரண்ட் போகிற நிமிஷத்தில் ஐம்பத்துமூன்று.

போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தாள். அருள்முருகன்.

"யாராச்சும் வந்தாங்களாக்கா?"

"ஒரு பொண்ணு வந்துச்சு. நல்ல பொண்ணு."

"வரேன்னு சொல்லுச்சா?"

"நாளைக்கு சொல்றேன்னுச்சு. டேய், மிஷினு சரியாயிடுச்சுடா. எதனாலன்னு தெரியுமா? கதவு..."

"அதுக்கு எவ்ளோ ஆச்சு?"

"அறுநூத்தி நாப்பது."

"ம். நாளைக்கு பதினோரு மணிக்கு வரேன்க்கா. ஆதார் இல்லன்னா ரேஷன் கார்டு எடுத்து வெய்யி."

பின்னால் ரேகாவின் குரல் என்னவோ சொன்னது. லைன் கட்டானது.

மலர்க்கொடி குளிக்கப் போனாள். வெந்நீர் கையைச் சுட்டது. அரை வாளிக்கு அரை வாளி பச்சைத் தண்ணீர் கலக்க வேண்டியிருந்தது. தலைக்கு ஊற்றி, நாலு நாள் அலைந்த முதுகுக்கும் ஊற்றினாள். தொட்டியில் இன்னும் நூற்றெண்பது லிட்டருக்கு மேல் இருக்கும். நாளைக்குக் காலை வரை சூடாகவே இருக்கும். ஊற்றிக்கொள்ள வேறு ஆள் இல்லை.

தலையைத் துவட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து ஒரு விஷயத்தைத் தேடி, அதைக் கண்டுபிடித்து, சரியும் செய்தாயிற்று. எப்படி என்று யாரிடமாவது முழுவதும் சொல்ல வேண்டும் போலிருந்தது. இடையில் நிறுத்தி விலை கேட்காத ஒருவரிடம். அப்பாவாக இருந்தால் இரண்டு தரம் சொல்ல வைத்திருப்பார்.

பெலிசியாவின் எண் இருந்தது. ஷிப்ட் நேரத்தில் போன் பெட்டிக்குள் இருக்கும், எடுக்க மாட்டாள். ரூமுக்கு வா என்று சொல்ல மலர்க்கொடிக்கு வாய் வராது. அந்தப் போனில் தமிழ் எழுத்து உண்டு. ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று நான்கு தடவை அழுத்த வேண்டும். மெதுவாக அழுத்த ஆரம்பித்தாள். விளக்குப் போடாத கூடத்தில் அந்தச் சின்னத் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. அடித்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. ஒரு தரம் படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினாள்.

"பெலிசியா, மிஷின் காற்றிலிருந்துதான் சூடு எடுக்கிறது. நாங்கள் அறைக்குள் வைத்துக் கதவைப் பூட்டிவிட்டோம். அதுதான் தப்பு. இப்போது மிஷினைக் கொல்லையில் திறந்த இடத்தில் வைத்து, தொட்டியை மட்டும் உள்ளே வைத்திருக்கிறோம். தண்ணீர் ஐம்பத்துமூன்று டிகிரி."